அப்கிரேடுக்குப் பிறகு சர்வர்களுக்கும் பொது ஸ்டோரேஜுக்கும் இடையே இணைப்பு விட்டு விட்டுப் போகிறது

இரவுப்பணி:

வணக்கம் நண்பர்களே. ஒன்பது நாளாக ஒரே பிரச்சினையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். எதையும் விட்டுவிடாமல் சொன்னால்தான் உங்களால் உதவ முடியும் என்பதால் பதிவு நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் நான்கு லினக்ஸ் சர்வர்கள், நான்கும் விர்ச்சுவல் மெஷின்கள். நான்குக்கும் பொதுவாக ஒரு ஃபைல் சர்வர். அதுவும் லினக்ஸ்தான், என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் முறை) வழியாக ஒரே ஒரு டைரக்டரியை நான்குக்கும் கொடுக்கிறது. பகல் இரவு பாராமல் கணக்கீட்டு வேலைகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வேலையும் தொடங்கும்போது பொது டைரக்டரியில் உள்ள ஒரு நிலை ஃபைலைப் பூட்டும். முடிந்ததும் முடிவை எழுதிவிட்டுப் பூட்டைத் திறக்கும். பல வருடமாக இப்படித்தான் நடக்கிறது, ஒரு நாளும் முரண்டு பிடித்ததில்லை.

பழைய சர்வர்களில் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் 3.10 பதிப்பு. அதற்கு ஆதரவு முடிந்துவிட்டதால் 5.14-க்குப் போக வேண்டிய கட்டாயம். இருக்கிற மெஷினிலேயே அப்கிரேட் செய்யாமல், புது சிஸ்டம் போட்ட ஒரு டெம்ப்ளேட் மெஷின் தயாரித்தேன். அதிலிருந்து குளோன் (அப்படியே ஒரு நகல்) எடுத்து, அப்ளிகேஷனை ஏற்றி, பழையதை அணைத்துவிட்டு அதன் ஐபி முகவரியைப் புதியதற்குக் கொடுப்பது என்று திட்டம். வாரம் ஒரு சர்வர். ஃபைல் சர்வர் போன வருடமே 5.14-க்கு வந்துவிட்டது. இந்த முறை அதில் கையே வைக்கவில்லை.

முதல் சர்வரை ஒரு வெள்ளிக்கிழமை இரவு மாற்றினேன். ஆறு நாள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. அந்தத் தைரியத்தில் அடுத்த வியாழன் இரவு இரண்டாவதையும் மாற்றினேன். வெள்ளி காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது. பொது டைரக்டரியில் எல்எஸ் கொடுத்தால் சில சமயம் உடனே பட்டியல் வருகிறது, சில சமயம் அரை நிமிடம் கர்சர் அப்படியே நிற்கிறது. அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல வருகிறது. வேலைகள் பாதியில் "இன்புட் அவுட்புட் எரர்" என்று நின்றுபோகின்றன. எல்லா வேலையும் இல்லை, பத்துக்கு இரண்டு மூன்று. இரண்டு புது சர்வர்களிலும் இதே நிலைமை. இன்னும் மாற்றாத பழைய சர்வர்கள் இரண்டும் அதே சுவிட்ச், அதே ஃபைல் சர்வர், அதே டைரக்டரியில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு சிறு தடங்கல்கூட இல்லை.

இதுவரை பார்த்தவை: சுவிட்ச் போர்ட்டுகளில் பிழை எண்ணிக்கை பூஜ்யம். ஃபைல் சர்வருக்குப் பத்து மணி நேரம் தொடர்ந்து பிங் அடித்தேன், ஒரு பாக்கெட்கூடத் தொலையவில்லை. ஃபயர்வாலில் என்எஃப்எஸ் பயன்படுத்தும் 2049 போர்ட் திறந்திருக்கிறது. ஃபைல் சர்வரில் சிபியு, டிஸ்க் இரண்டும் சும்மா இருக்கின்றன. இரண்டாவது சர்வரை அழித்துவிட்டு அதே டெம்ப்ளேட்டிலிருந்து புதிதாகக் குளோன் எடுத்தும் பார்த்தாயிற்று, மாற்றமில்லை. ஒரு ராத்திரி மவுண்டை (பொது டைரக்டரியை சர்வரோடு இணைத்திருப்பதை) எடுக்கப் போய் அந்தக் கமாண்டே தொங்கிவிட்டது. இரண்டு மணிக்கு சர்வரை ரீபூட் செய்துதான் மீட்டேன்.

இந்த முடிவுகளுக்காக இன்னொரு பிரிவில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். அவர்கள் தினமும் காலையில் வந்து "இன்றைக்குச் சரியாகிவிடுமா?" என்று கேட்கும்போது சொல்வதற்குப் பதில் இல்லை. மூன்றாவது சர்வரை மாற்றுவதை நிறுத்தி வைத்திருக்கிறேன். இணைப்பு ஏன் அறுகிறது, எங்கே தேடுவது என்று யாராவது வழி காட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

கம்பிவடம்:

முதலில் எம்டியு, அதாவது ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச பைட் அளவு, எவ்வளவு என்று பாருங்கள். புது சிஸ்டத்துக்குப் போகும்போது நெட்வொர்க் கார்டின் பெயர் மாறுவது சகஜம். பழைய பெயருக்கு எழுதி வைத்த ஜம்போ ஃபிரேம் (9000 பைட் பாக்கெட்) அமைப்பு புதுப் பெயருக்கு ஒட்டாது, கார்டு பேசாமல் 1500-க்குத் திரும்பிவிடும். நீங்கள் அடித்த சாதாரண பிங் 56 பைட் சுமக்கும், அதில் இது தெரியவே தெரியாது. துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு 8972 பைட் அளவில் பிங் அடித்துப் பாருங்கள். 9000-த்தில் ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பி தலைப்புக்கு 8 போக மிச்சம் அதுதான். அது போகவில்லை என்றால் அங்கேதான் கோளாறு.

பூஜ்யம்ஒன்று:

தற்காலிகமாக சாஃப்ட் மவுண்ட் போட்டுவிடுங்கள் நண்பரே. டைம்அவுட்டையும் குறைத்து வையுங்கள். தொங்குவது நின்றுவிடும், அப்புறம் நிதானமாகக் காரணம் தேடலாம். எங்கள் இடத்தில் அப்படித்தான் சமாளித்தோம்.

இரவுப்பணி:

கம்பிவடம் அவர்களுக்கு மிக்க நன்றி. சொன்னபடி பார்த்தேன். ஃபைல் சர்வரிலும் சுவிட்சிலும் 9000. முதல் சர்வரிலும் 9000. இரண்டாவதில் 1500! முதல் சர்வரில் கையால் மாற்றியதை நான் டெம்ப்ளேட்டில் சேர்க்காமல் விட்டிருக்கிறேன். கிடைத்துவிட்டது என்று நினைத்து நேற்று இரவு பதினொரு மணிக்கு அதைத் திருத்தினேன். 8972 பிங் சுத்தமாகப் போனது. ராத்திரி முழுக்க ஒரு தடங்கலும் இல்லை.

காலை ஒன்பதரைக்கு மறுபடி ஆரம்பித்துவிட்டது. இரண்டு சர்வரிலும்.

சாஃப்ட் மவுண்ட் பற்றி யோசித்தேன். ஆனால் பாதி எழுதிய ஃபைல்கள் ஏற்கனவே வந்துகொண்டிருக்கும்போது அதைத் தொடத் தயக்கமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வட்டுக்காரர்:

தயக்கம் சரியானது. சாஃப்ட் மவுண்ட் போடாதீர்கள். என்எஃப்எஸ் தரவைக் கொண்டுபோகும் டிசிபி இணைப்பில் வழக்கமான டைம்அவுட் 600 என்று இருக்கும். அது பத்தில் ஒரு வினாடிக் கணக்கு, அதாவது 60 வினாடி. ஹார்ட் மவுண்டில் ஃபைல் சர்வர் பதில் சொல்லும்வரை கெர்னல் காத்திருக்கும். சாஃப்டில் சில முறை முயன்றுவிட்டு அப்ளிகேஷனிடம் பிழையைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். எழுதச் சொன்ன தரவு அப்போது நினைவகத்திலேயே கிடந்து தொலையலாம். எழுதும்போது வரும் பிழையைச் சரியாகப் பார்க்கும் அப்ளிகேஷன்கள் குறைவு. வேலை முடிந்துவிட்டது என்று அது நினைத்துக்கொள்ளும், ஃபைலில் நடுவில் ஓட்டை இருக்கும். படிக்க மட்டும் பயன்படும் டைரக்டரி என்றால் வேறு விஷயம். உங்களுடையது எழுதும் இடம்.

எம்டியு திருத்தியது நல்லதுதான், ஆனால் உங்கள் நோய் அது இல்லை. ஒரு முனை 1500, மறுமுனை 9000 என்றால் டிசிபி இணைப்பு தொடங்கும்போதே இரண்டும் தங்கள் அளவைச் சொல்லிக்கொண்டு சிறியதற்கு ஒத்துக்கொள்ளும். வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இரண்டு முனையும் 9000 என்று சொல்லிக்கொண்டு நடுவில் உள்ள சுவிட்ச் அதைக் கடத்தாமல் விழுங்கும்போதுதான் வில்லங்கம். அப்படி இருந்தால் மவுண்ட் ஆகும், சின்ன டைரக்டரி பட்டியலிடும், பெரிய ஃபைல் ஒவ்வொரு முறையும் தொங்கும். உங்களுடையது சில முறை மட்டும்தான். அதுவும் முதல் சர்வரில் எம்டியு சரியாகவே இருந்தும் வந்திருக்கிறது.

இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, கெர்னல் பதிவில் என்எஃப்எஸ் என்று வரும் வரிகள், அப்படியே. இரண்டு, பழைய சர்வரிலும் புது சர்வரிலும் என்எஃப்எஸ்ஸ்டாட் கமாண்டை மைனஸ் எம் கொடுத்து ஓட்டினால் மவுண்ட் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று காட்டும். இரண்டையும் போடுங்கள்.

இரவுப்பணி:

இதோ. பழைய சர்வரில் பதிப்பு 3. புது சர்வர்கள் இரண்டிலும் 4.2. இதை நான் கவனிக்கவே இல்லை. பழைய எஃப்எஸ்டேப்பில் (எதை எப்படி மவுண்ட் செய்வது என்று எழுதி வைக்கும் ஃபைல்) பதிப்பு 3 என்று யாரோ எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள். டெம்ப்ளேட்டுக்குப் புதிதாக எழுதியபோது தேவையில்லாத பழைய விருப்பங்கள் என்று நினைத்து எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டேன்.

கெர்னல் பதிவில் "சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்" என்ற வரி வரும் என்று எதிர்பார்த்துத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. ஆனால் "லாக் ரீக்ளெய்ம் ஃபெயில்டு" என்று முடியும் வரி நூற்றுக்கணக்கில் இருக்கிறது. இரண்டு சர்வரிலும். அதைப் பிரச்சினையின் விளைவு என்று நினைத்து ஒதுக்கியிருந்தேன்.

வட்டுக்காரர்:

இப்போது பேசலாம். உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் தலைப்பில் இணைப்பு போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இணைப்பு போகவில்லை. போயிருந்தால் "நாட் ரெஸ்பாண்டிங்" வந்தே தீரும். டிசிபி உயிரோடுதான் இருக்கிறது. அந்த இணைப்புக்குள்ளே ஃபைல் சர்வர் உங்கள் சர்வரை மறந்துவிடுகிறது. "நீ திறந்து வைத்த ஃபைல், போட்ட பூட்டு எதுவும் என்னிடம் இல்லை" என்கிறது. உங்கள் சர்வர் பூட்டை மீட்கப் போய்த் தோற்கிறது. அந்த வரி சொல்வது இதைத்தான்.

பதிப்பு 3-இல் ஃபைல் சர்வருக்கு யார் யார் எதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கே கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் தன் ஃபைல் அடையாளத்தைத் தானே சுமந்துகொண்டு வரும். பூட்டுக்கு மட்டும் தனி நெறிமுறை. அதிலும் லினக்ஸ் ஃபைல் சர்வர் வழக்கமாக ஐபி முகவரியை வைத்துத்தான் ஆளைப் பார்க்கும். பதிப்பு 4 அப்படி இல்லை. ஒவ்வொரு கிளையண்டும், அதாவது ஃபைல் சர்வரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு மெஷினும், முதலில் "நான் இன்னார்" என்று ஒரு பெயர் சொல்லிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். திறந்த ஃபைல், பூட்டு எல்லாம் அந்தப் பெயரின் கணக்கில் ஏறும். லினக்ஸ் ஃபைல் சர்வரில் குத்தகைக் காலம் வழக்கமாக 90 வினாடி. அதற்குள் கிளையண்ட் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய இடம் இது. பெயரோடு சேர்த்து, இந்தத் தடவை எப்போது பூட் ஆனேன் என்பதைக் காட்டும் ஒரு முத்திரையையும் கிளையண்ட் கொடுக்கும். அதே பெயர், வேறு முத்திரை என்று ஒருவர் வந்தால் ஃபைல் சர்வர் என்ன நினைக்கும்? "இவர் ரீபூட் ஆகி வந்திருக்கிறார், பழைய பூட்டுகள் இனி தேவையில்லை" என்று அந்தப் பெயரில் உள்ள எல்லாவற்றையும் துடைத்துவிடும். இந்த நெறிமுறையின் விதிகளை வரையறுக்கும் ஆவணமான ஆர்எஃப்சி 8881 சொல்லும் முறையே அதுதான், ஃபைல் சர்வர் மேல் தப்பில்லை.

அந்த இருவர் உண்மையில் இரண்டு வெவ்வேறு மெஷின்களாக இருந்தால்? முதலாவது பதிவு செய்யும். இரண்டாவது வந்து அதே பெயரில் பதிவு செய்ததும் முதலாவதின் கணக்கு போய்விடும். முதலாவது அடுத்த கோரிக்கை அனுப்பும்போது "உன் செஷன் செல்லாது" என்று பதில் வரும். அது மறுபடி பதிவு செய்யும், இரண்டாவதின் கணக்கு போகும். இப்படியே மாறி மாறி ஒன்றையொன்று வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.

உங்கள் கேள்வியிலேயே இதற்குத் தடயம் இருக்கிறது. முதல் சர்வர் தனியாக இருந்த ஆறு நாள் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வந்த மறுநாள் காலை *இரண்டிலும்* ஒன்றாக ஆரம்பித்திருக்கிறது. இரண்டாவது மட்டும் பழுது என்றால் முதலாவது ஏன் கெட வேண்டும்? இரவில் அமைதியாக இருந்ததும் எம்டியு திருத்தியதால் இல்லை. வேலை குறைவு, பூட்டு குறைவு. தள்ளுமுள்ளு அப்போதும் நடந்திருக்கும், யாருக்கும் வலிக்கவில்லை.

லினக்ஸ் கிளையண்ட் அந்தப் பெயரை எங்கிருந்து எடுக்கிறது என்றால், 4.1, 4.2 பதிப்புகளில் மெஷினின் பெயரான ஹோஸ்ட்நேமிலிருந்து. வேறு எதுவும் அமைக்காவிட்டால் அது ஒன்றுதான், ஐபி முகவரி அதில் சேராது. ஒரே டெம்ப்ளேட்டின் குளோன்கள் என்கிறீர்கள். இரண்டின் ஹோஸ்ட்நேமும் என்ன?

இரவுப்பணி:

ஐயா, படிக்கும்போதே எல்லாம் பொருந்தி வருகிறது. ஆனால் ஹோஸ்ட்நேம் ஒன்றில்லை. இரண்டு சர்வரிலும் கமாண்ட் கொடுத்துப் பார்த்துவிட்டேன், வெவ்வேறு பெயர்தான் காட்டுகிறது. பூட் ஆகும்போது ஒரு ஸ்கிரிப்ட் தன் ஐபி முகவரியை ஒரு பட்டியலில் தேடி அதற்குரிய பெயரை வைக்கும். பழைய சர்வர்களிலிருந்தே அப்படித்தான். இப்போது என்ன பார்ப்பது?

வட்டுக்காரர்:

கமாண்ட் காட்டுவது இப்போதைய பெயர். மவுண்ட் ஆன நொடியில் என்ன பெயர் இருந்ததோ அதைத்தான் என்எஃப்எஸ் பிடித்து வைத்திருக்கும். பின்னால் பெயர் மாற்றினாலும் அது மாறாது. நீங்கள் அந்த ஸ்கிரிப்டைப் பற்றிச் சொன்னதும் என் சந்தேகம் கூடுகிறது.

ஊகம் வேண்டாம், ஃபைல் சர்வரிடமே கேட்கலாம். அதில் ப்ராக் டைரக்டரிக்குள் எஃப்எஸ், அதற்குள் என்எஃப்எஸ்டி, அதற்குள் கிளையண்ட்ஸ் என்று ஒரு டைரக்டரி இருக்கும். கெர்னல் 5.3 முதல் இது உண்டு. பதிப்பு 4-இல் வந்திருக்கும் ஒவ்வொரு கிளையண்டுக்கும் ஒரு எண்ணில் ஒரு துணை டைரக்டரி, அதற்குள் இன்ஃபோ என்ற ஃபைல். அதில் முகவரியும் கிளையண்ட் சொன்ன பெயரும் இருக்கும். உங்கள் பழைய சர்வர்கள் பதிப்பு 3 என்பதால் அங்கே வராது. ஆகவே இரண்டு எண்கள் இருக்க வேண்டும். எத்தனை இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இரவுப்பணி:

ஒன்று.

கை நடுங்கியது என்றே சொல்ல வேண்டும். ஒன்றே ஒன்று. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் பார்த்தபோது 51877 என்று ஒரு டைரக்டரி. இன்ஃபோவைத் திறப்பதற்குள் "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்றது. மறுபடி பட்டியல் எடுத்தால் 51880. சரி என்று வினாடிக்கு ஒரு முறை எல்லா இன்ஃபோவையும் காட்டும்படி வாட்ச் கமாண்டில் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். முகவரி வரியின் கடைசி எண் முதல் சர்வரின் 21, அடுத்த நொடி இரண்டாவதின் 22, மறுபடி 21, இரண்டு வினாடி அப்படியே, பிறகு 22. ஒரு நிமிடத்தில் டைரக்டரி எண் நாற்பதுக்கு மேல் ஏறிவிட்டது. மாறாமல் நின்ற ஒரே வரி பெயர் வரி: "லினக்ஸ் என்எஃப்எஸ்வி4.2 லோக்கல்ஹோஸ்ட்". லோக்கல்ஹோஸ்ட் என்பது மெஷினுக்குப் பெயர் வைக்காதபோது இருக்கும் பொதுப் பெயர். இரண்டு மெஷினும் ஒரே பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது சர்வரில் வேலைகளை நிறுத்தி, மவுண்டை எடுத்தேன். எண் அப்படியே நின்றுவிட்டது. கால் மணி நேரம் பார்த்தேன், 21 மட்டும்தான், அசையவில்லை. முதல் சர்வரில் எல்எஸ் கொடுத்தால் உடனுக்குடன் வருகிறது. ஒன்பது நாள் கழித்து முதல் முறையாக.

அப்புறம் பூட் பதிவைத் தேடினேன். ஒவ்வொரு வரியிலும் நேரத்துக்கு அடுத்து ஹோஸ்ட்நேம் இருக்கும் அல்லவா, அந்தப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். லோக்கல்ஹோஸ்ட், லோக்கல்ஹோஸ்ட், லோக்கல்ஹோஸ்ட். பொது டைரக்டரி மவுண்ட் ஆன வரியிலும் லோக்கல்ஹோஸ்ட். அதற்கு இரண்டு வினாடி கழித்துத்தான் எங்கள் ஸ்கிரிப்ட் ஓடி, அந்தப் பத்தியில் சர்வரின் உண்மைப் பெயர் வருகிறது. பழைய சிஸ்டத்தில் ஸ்கிரிப்ட் முதலில், மவுண்ட் பிறகு. புதியதில் இரண்டும் நெட்வொர்க் வந்ததும் ஒன்றாகக் கிளம்புகின்றன. எது முதலில் என்று நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

இதை எப்படித் திருத்துவது? பதிப்பு 3-க்கே திரும்பிவிடலாமா, அல்லது 4.2-இலேயே இருந்து பெயரைச் சரிசெய்வது நல்லதா?

கம்பிவடம்:

எம்டியு என்று அடித்துச் சொன்னவன் நான். இந்தக் கோளாறு எனக்குத் தெரிந்திருக்கவில்லை, வட்டுக்காரர் எழுதியதை முழுக்கப் படித்தேன். நன்றி. எங்களிடமும் குளோன் எடுத்த சர்வர்கள் பன்னிரண்டு இருக்கின்றன. இன்றைக்கே அந்த கிளையண்ட்ஸ் டைரக்டரியை எண்ணிப் பார்க்கிறேன்.

வட்டுக்காரர்:

இரவுப்பணி, இன்றைக்கு வேலை நடக்க வேண்டும் என்றால் இரண்டாவது சர்வரை மட்டும் பதிப்பு 3-இல் மவுண்ட் செய்துகொள்ளுங்கள், தற்காலிகமாக. நிரந்தரமாக 4.2-இலேயே இருங்கள். பூட்டும் அதே நெறிமுறைக்குள்ளேயே இருப்பது உங்கள் மாதிரி வேலைக்கு நல்லது. ஃபயர்வாலிலும் 2049 ஒன்று திறந்தால் போதும்.

செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, ஈடிசி டைரக்டரியில் உள்ள ஹோஸ்ட்நேம் ஃபைலில் ஒவ்வொரு குளோனுக்கும் அதன் பெயரை நிலையாக எழுதுங்கள். சிஸ்டம் எழும்போதே அந்தப் பெயரோடு எழும், ஸ்கிரிப்டை நம்ப வேண்டியதில்லை.

இரண்டாவது, ஹோஸ்ட்நேமை மட்டும் நம்பாமல் என்எஃப்எஸ்-க்கு என்று ஒரு தனி அடையாளம் கொடுங்கள். என்எஃப்எஸ் கெர்னல் மாட்யூலுக்கு (கெர்னலில் என்எஃப்எஸ்ஸைக் கவனிக்கும் பகுதி) அதற்கென்றே ஒரு அமைப்பு உண்டு: "என்எஃப்எஸ்4", "யுனிக்", "ஐடி" என்ற மூன்று சொற்களும் அடிக்கோட்டால் இணைந்த பெயர். யுயுஐடிஜென் கமாண்டில் வேறெங்கும் வராத ஒரு அடையாள எண் (யுயுஐடி) உருவாக்கி, மாட்ப்ரோப் டைரக்டரியில் ஒரு ஃபைலில் எழுதிவிட்டு ரீபூட் செய்யுங்கள். மாட்யூல் ஏறும்போதுதான் அது படிக்கப்படும், ஆகவே மவுண்டை மட்டும் எடுத்துப் போட்டால் பலிக்காமல் போகலாம்.

இதில் மூன்று இடத்தில் வழுக்கி விழுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அந்த எண்ணை ஒவ்வொரு பூட்டிங்கிலும் புதிதாக உருவாக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். ஒரு முறை உருவாக்கி, அந்த மெஷினின் ஆயுள் முழுக்க அதுவே இருக்க வேண்டும். சர்வர் திடீரென்று விழுந்து எழுந்தால், பழைய பெயரோடு வருவதால்தான் ஃபைல் சர்வர் அதை அடையாளம் கண்டு பழைய பூட்டுகளை உடனே விடுவிக்கிறது. புதுப் பெயரோடு வந்தால் அந்தப் பூட்டுகள் குத்தகை முடியும்வரை அங்கேயே தொங்கும்.

ஈடிசியில் மெஷின் ஐடி என்று ஒரு ஃபைல் இருக்கிறதே, அதை எடுத்துப் போடலாம் என்று சிலர் செய்வார்கள். குளோன்களில் அதுவும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். போட்டால் வந்த இடத்துக்கே திரும்பி வந்து நிற்பீர்கள். உங்கள் இரண்டிலும் அதை ஒப்பிட்டுப் பாருங்கள், எப்படியும் திருத்த வேண்டிய விஷயம்.

கடைசியாக, தொலைந்த பூட்டுகளைத் தானாக மீட்கும்படி மாட்யூலில் இன்னொரு அமைப்பு இருக்கிறது. பிழைச் செய்தி மறைந்துவிடும் என்பதால் அதைப் போடச் சொல்லும் ஆலோசனை உங்கள் கண்ணில் படலாம். தொடாதீர்கள். பூட்டு கைவிட்டுப் போன இடைவெளியில் வேறொருவர் அந்த ஃபைலை மாற்றியிருக்கலாம். அது தெரியாமல் உங்கள் வேலை தொடர்ந்து எழுதும். இயல்பாக அது அணைத்து வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணமே அதுதான். இப்போது வரும் பிழை உங்கள் தரவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

மூன்றாம்அடுக்கு:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். நாங்கள் கன்டெய்னருக்குள்ளிருந்தே (ஒரே கெர்னலில் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் சூழல்) மவுண்ட் செய்கிறோம். ஒரே மெஷினில் பல கன்டெய்னர், மாட்யூல் ஒன்றுதான். அப்போது இந்த அடையாளத்தை எப்படித் தனித்தனியாகக் கொடுப்பது?

வட்டுக்காரர்:

கன்டெய்னருக்குத் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் இருந்தால், அதற்குள் சிஸ் டைரக்டரியில் எஃப்எஸ், என்எஃப்எஸ், நெட், என்எஃப்எஸ்கிளையண்ட் என்று போனால் ஐடென்டிஃபையர் என்ற ஃபைல் இருக்கும். என்எஃப்எஸ்ஸுக்கும் கிளையண்டுக்கும் நடுவில் அடிக்கோடு. முதல் மவுண்டுக்கு முன்பே அதில் எழுதிவிட வேண்டும்.

இரவுப்பணி:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். உடனே எழுதாததற்குக் காரணம், நிஜமாகவே சரியாகிவிட்டதா என்று வாரம் முழுக்க வேலை ஓடவிட்டுப் பார்க்க நினைத்தேன்.

வட்டுக்காரர் ஐயா சொன்னது போலவே மெஷின் ஐடியும் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. முதலில் டெம்ப்ளேட்டைத் திருத்தினேன். ஹோஸ்ட்நேம் ஸ்கிரிப்டை எடுத்துவிட்டேன். மெஷின் ஐடி ஃபைலை வெறுமையாக்கி வைத்தேன், முதல் பூட்டிங்கில் அதுவாகவே உருவாகிக்கொள்ளும். எம்டியு 9000 அமைப்பையும் சேர்த்தேன். குளோன் எடுத்ததும் செய்ய வேண்டிய வேலைகளில் ஹோஸ்ட்நேம் எழுதுவதையும் யுயுஐடி உருவாக்கி மாட்யூல் அமைப்பில் போடுவதையும் சேர்த்துவிட்டேன். அதன்பிறகு சனிக்கிழமை இரவு இரண்டு சர்வர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, திருத்தி, எழுப்பினேன்.

இரண்டாவதை எழுப்பிவிட்டு ஃபைல் சர்வரில் வாட்ச் ஓடும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாவதின் வரி ஏற்கனவே இருந்தது. அதன் கீழே இன்னொரு டைரக்டரி வந்தது. பெயர் வரியில் நீளமான யுயுஐடி, ஒரு சாய்கோடு, அடுத்து சர்வரின் சொந்தப் பெயர். முகவரி 22. மேலே உள்ள 21 அசையவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினேன்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு, அந்தப் பிரிவில் ஆட்கள் வேலைகளைத் தொடங்கும்போது, நானும் திரைக்கு முன்னால்தான் இருந்தேன். ஒன்பதரை ஆயிற்று, பத்து ஆயிற்று. எண்கள் மாறவில்லை. "லாக் ரீக்ளெய்ம் ஃபெயில்டு" சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. பாதியில் நின்ற வேலைகளின் பட்டியலை எடுத்து, 64 வேலைகளையும் திரும்ப ஓட்டி, முடிவுகளைக் கொடுத்துவிட்டோம். வெள்ளி வரை ஒரே ஒரு வேலை மட்டும் பிழையில் நின்றது. பதறிப்போய்ப் பார்த்தால் அது அப்ளிகேஷனின் சொந்தத் தவறு, ஸ்டோரேஜுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வட்டுக்காரர் ஐயா, நான் ஒன்பது நாள் கேபிளையும் சுவிட்சையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு நாள் நன்றாக ஓடியது என்று நானே எழுதியதில் தடயம் இருக்கிறது என்று நீங்கள் காட்டியபோதுதான் எனக்குக் கண் திறந்தது. முன்பின் தெரியாத ஒருவருக்காக உட்கார்ந்து அவ்வளவு விளக்கமாக எழுதினீர்கள். அதை மறக்க மாட்டேன். கம்பிவடம் அவர்களுக்கும் நன்றி. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அந்த 1500 டெம்ப்ளேட்டிலேயே கிடந்து நான்கு சர்வருக்கும் போயிருக்கும்.

நேற்று இரவு மூன்றாவது சர்வரையும் மாற்றியாயிற்று. கிளையண்ட்ஸில் இப்போது மூன்று எண்கள். நான்காவது அடுத்த வெள்ளி.

கம்பிவடம்:

மகிழ்ச்சி நண்பரே. எங்கள் பன்னிரண்டையும் எண்ணிப் பார்த்தேன், கிளையண்ட்ஸில் பதினொன்றுதான் இருந்தது. பெயர் ஒன்றான அந்த இரண்டு சர்வரும் காத்திருப்பில் வைத்திருப்பவை, பெரிதாக வேலை செய்யாதவை என்பதால் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. ஞாயிறு அன்று நிறுத்திச் சரிசெய்கிறேன்.